பலகைக்கு வெயில், பேட்டரிக்கு நிழல்

சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு வெயிலின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று ஜவ்வரிசி மில்கள் இருக்கிற ஊர்ப்பக்கம் மாசி, பங்குனியில் போய்ப் பாருங்கள். மரவள்ளிக்கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவை உருண்டையாக்கிச் சூடு காட்டுவதுவரை ஆளும் இயந்திரமும் செய்கிற வேலை. அதற்குப் பிறகு சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்கிறது. 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு மூட்டை மூட்டையாக விற்றுக்கொடுக்கும் சரக்கில் இந்த வெயிலின் கூலி சேராத மூட்டை குறைவு. பத்து பைசா கேட்காமல் உழைக்கிற ஒரே தொழிலாளி.

அப்படி ஒரு களத்தோரம், வேப்பமரத்தடியில், சாப்பாட்டுத் தூக்குகளுக்கு நடுவில் ஒரு போன் கிடந்தது. அதிலிருந்து ஒயர் போய்ச் சேர்ந்த இடத்தில் செங்கல்லில் பாதி அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டி. பெட்டியின் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரியப் பலகை. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் களம் நாலு எட்டில் இருக்க, சோலார் சார்ஜர் மரநிழலில் படுத்திருந்தது. ஏனம்மா, வெயிலில் வைக்கலாமே என்று கேட்டதற்குக் களத்தில் துழாவிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “வெயில்ல வெச்சா கொதிக்குதுங்கண்ணா, கையில தொட முடியாது. நைட்டு வீட்ல கரண்டுல போட்டுத்தான் கொண்டாறது.”

சோலார் சார்ஜரா, பேட்டரி பவர் பேங்கா என்ற கேள்விக்கு நான் படித்த விளக்கங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமான பதில் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று சிலிக்கான் பலகை. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்ததன் வாரிசு. அதற்கு நேர் வெயில் வேண்டும். இன்னொன்று லித்தியம் அயனி செல். 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெயில் அதற்கு ஆகாது. 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் லித்தியம் செல்லுக்குள் மின்சாரம் ஏற்றக் கூடாது என்பது செல் தயாரிப்பவர்களே பொதுவாகப் போடும் வரம்பு. சேலத்துச் சித்திரை வெயிலில் நிழலிலேயே 39, 40 டிகிரி. கருப்பு பிளாஸ்டிக்கை நேர் வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று பைக் சீட்டில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் போதும். பலகையும் சூட்டை விரும்புவதில்லை. அதன் வாட் கணக்கே 25 டிகிரியில் அளந்து எழுதியது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய அரை சதவீதம் குறையும். ஆக, வெயில் உக்கிரமாக இருக்கிற மாதத்தில் இந்தப் பெட்டி வெயிலில் வைக்க முடியாத பெட்டியாகிவிடுகிறது. வைத்தால் பேட்டரி சீக்கிரம் சாகும், உப்பும்.

வைத்தாலும் எவ்வளவு கிடைக்கும்? பதினான்கு சென்டிமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பலகையின் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. உச்சி வெயிலில் அதன்மேல் விழுவது மொத்தமே பத்து வாட். நல்ல பலகை அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும்: இரண்டு வாட். சூடு, சாய்மானம், தூசி, சர்க்யூட் தின்பது எல்லாம் போக ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேல். நம் பக்கம் ஒரு நாளின் காலை வெயில், மாலை வெயில் எல்லாவற்றையும் உச்சி வெயில் கணக்குக்கு மாற்றினால் ஐந்து மணி நேரம் தேறும். அப்படியானால் ஒரு நாளைக்கு ஐந்தாறு வாட் மணி. பத்தாயிரம் மில்லி ஆம்பியர் மணிப் பெட்டிக்குள் இருக்க வேண்டியது 37 வாட் மணி. மேகமே வராத ஒரு வாரம் அதை மொட்டைமாடியில் வைத்துப் பக்கத்திலேயே காவல் இருந்தால் நிரம்பும். இருபதாயிரம் என்று போட்ட பெட்டி என்றால் இரண்டு வாரம். விளம்பரப் படத்தில் மலையுச்சியில் கூடாரம் போட்டு நிற்கும் இளைஞன் அத்தனை நாள் அங்கே என்ன செய்வான் என்று தெரியவில்லை.

விற்பவர்களுக்கு இது தெரியாததல்ல. சேலத்தில் ஒரு செல்போன் கடையில் இதே பெட்டியைக் கையில் எடுத்து, “வெயில்ல காட்டுனா போதும்ங்களா?” என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி நேர்மையானவர். “போதும்ங்க சார்... ஆனா எதுக்கும் நைட்டு ஒரு தடவ பிளக்ல போட்டுருங்க” என்றார். அந்த ‘எதுக்கும்’ எனக்குப் பிடித்திருந்தது. பெட்டியின் மேல் அச்சடித்திருந்த ஒரு பத்தி ஆங்கிலத்தைவிட அதில் தகவல் அதிகம்.

சோலாரா, பவர் பேங்கா என்ற கேள்வியே கொஞ்சம் கோணலாகப் போடப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். கிணறு வாங்கலாமா, குடம் வாங்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. பலகை ஊறுகிற இடம், பேட்டரி பிடித்துவைக்கிற இடம். பலகை மட்டும் வாங்கினால் மேகம் கடக்கும்போதெல்லாம் போன் சார்ஜ் ஆவது விட்டுவிட்டுத் தொடங்கும். பலகையில் ஒரு செல்மேல் மரக்கிளையின் நிழல் விழுந்தால்கூட வரிசை முழுதும் படுத்துவிடும். பேட்டரி மட்டும் வாங்கினால் தீர்ந்த பிறகு அது வெறும் கனம். எது வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியது பொருளின் தரத்தை வைத்தல்ல, சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்து ஒருவர் எத்தனை நாள் தள்ளி இருக்கிறார் என்பதை வைத்து.

காசு மிச்சமாகும் என்ற வாதத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். இப்போதைய போனின் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர் மணி, ஏறக்குறைய 19 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 25 என்று தாராளமாக வைத்தால் ஒரு யூனிட்டில் நாற்பது தடவை சார்ஜ் போடலாம். தினமும் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட். தமிழ்நாட்டில் 2016இலேயே வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. போன் சார்ஜுக்கு ஆகும் செலவை மிச்சம்பிடித்துச் சோலார் சார்ஜரின் விலையை மீட்க நினைப்பவர் பேரன் காலம்வரை காத்திருக்க வேண்டியதுதான். சுற்றுச்சூழல் வாதமும் இந்த அளவில் நிற்காது. ஒன்றரை யூனிட்டைத் தவிர்ப்பதற்காக இன்னொரு பலகை, இன்னொரு செல், இன்னொரு பிளாஸ்டிக் பெட்டி.

அப்புறம் ஏன் விற்கிறது? எனக்குத் தோன்றுவது, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு 2012 இன்னும் மறக்கவில்லை. 2008இல் தொடங்கிய மின்வெட்டு 2012 கடைசியில் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம்; மற்ற மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். ராத்திரியிலும் அதே கணக்கு. எடப்பாடி, ஜலகண்டாபுரம், குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்குடிகளில் கரண்ட் வருகிற சத்தமே தறி ஓடுகிற சத்தம்தான். நெய்கிற அளவுக்குத்தான் கூலி என்பதால் இருட்டின் ஒவ்வொரு மணியும் சம்பளத்தில் கழிந்தது. மேட்டூரில் 1934இல் கட்டி முடித்த அணை, அதன் நீர் மின் நிலையங்கள், 840 மெகாவாட் அனல் மின் நிலையம் என்று மாநிலத்துக்கே மின்சாரம் தருகிற மாவட்டம் சேலம். அந்தப் புகைபோக்கி தெரிகிற வீடுகளிலும் மண்ணெண்ணெய் விளக்குதான். வடக்கே உபரியாக இருந்ததை வாங்கவும் வழி குறுகல். தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு முழுமையாக இணைந்தது ராய்ச்சூர் - சோலாப்பூர் மின்பாதை வந்த பிறகு, 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

அந்த இருட்டில் போனுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அன்றைக்குப் பெரும்பாலோர் கையில் இருந்தது பட்டன் வைத்த நோக்கியா. அதன் பிஎல்-5சி பேட்டரி சுமார் ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி. ஒரு மணி நேரம் கரண்ட் வந்தால் மூன்று நாள் தாங்கும். டார்ச்சாகவும் எரிந்தது. மின்சாரம் இல்லாத காலத்தில் நம்மிடம் இருந்தது மின்சாரம் அதிகம் தேவைப்படாத போன். இன்றைக்கு வெட்டு அரிது, போனின் பசி ஐந்து மடங்கு, அதோடு அது பேசுவதற்கு மட்டுமான பொருளாகவும் இல்லை. டீக்கடைக் கணக்கு, பஸ் டிக்கெட், ரேஷன் குறுஞ்செய்தி, ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவு எல்லாம் அதற்குள். முன்பு பேட்டரி தீர்ந்தால் பேச்சு நிற்கும். இப்போது கையில் பணம் இருந்தும் இல்லாதவர் ஆகிவிடுகிறோம். பன்னிரண்டு மணி நேர இருட்டைப் பார்த்த ஒரு தலைமுறை, சிவப்பாகிவிட்ட பேட்டரிக் குறியைப் பார்த்தால் சும்மா இருக்குமா? ‘வெயில் இருக்கிறவரை தீராது’ என்று ஒரு பெட்டி சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் பலகை போட்டால் 78,000 ரூபாய் மானியம். சேலத்தின் புதுக் குடியிருப்புகளில் மாடிக்கு மாடி நீலப் பலகைகள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று, காலை ஒன்பதிலிருந்து மாலைவரை கரண்ட் இல்லாத வேளையில், தலைக்கு மேல் மூன்று கிலோவாட் வைத்திருக்கிற அந்த வீட்டுக்காரரும் போனுக்குச் சார்ஜ் இல்லாமல்தான் உட்கார்ந்திருப்பார். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக, லைனில் கரண்ட் நின்றால் இந்த வகை இன்வர்ட்டர் தானாக நின்றுவிடும்படி செய்யப்பட்டது. நியாயமான ஏற்பாடு. ஆனாலும் கொளுத்துகிற வெயிலில், மாடி நிறையப் பலகைக்குக் கீழே, பக்கத்து வீட்டில் பவர் பேங்க் கேட்கிற நிலைமையில் ஏதோ ஒரு நகைச்சுவை இருக்கிறது. பிடித்துவைக்க எதுவும் இல்லாமல் ஊறுவதை மட்டும் வைத்திருந்தால் இப்படித்தான். மாநிலத்துக்கும் இதே பாடுதான்: 9,000 மெகாவாட்டுக்கு மேல் சூரியப் பலகை நிறுவியாயிற்று, விளக்கு ஏற்றுகிற நேரத்தில் அவ்வளவும் உறங்கப் போய்விடுகிறது. கடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொள்ளும் 400 மெகாவாட் நிலையம் ஒன்றுதான் நம்மிடம் பல காலமாக இருக்கிற பெரிய சேமிப்பு.

திட்டமிட்ட பராமரிப்பு தவிர, இங்கே கரண்ட் போவது பெரும்பாலும் எப்போது? சித்திரை, வைகாசியில் சாயங்காலம் நாலரை மணிக்கு மேற்கே கருத்து, காற்றடித்து, புளியமரக் கிளை லைனில் விழும்போது. ஐப்பசி, கார்த்திகை மழையில். சூரியன் இல்லாத நேரம் பார்த்துத்தான் மின்சாரமும் போகிறது. அப்போது கை கொடுப்பது முந்தின நாள் பிளக்கில் நிரப்பி வைத்த பேட்டரி ஒன்றுதான்.

லாரிக்காரர்களை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நாமக்கல் லாரி பாடி கட்டுகிற ஊர். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஊர். இங்கிருந்து கிளம்புகிற வண்டிகள் ராஜஸ்தான், ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் ஊர் திரும்பாமல் ஓடுகின்றன. வீட்டை விட்டு இவ்வளவு தூரம், இவ்வளவு நாள் போகிறவருக்குச் சோலார் பொருந்தும் என்றுதான் முதலில் தோன்றும். 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்தது, 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. லோடு பிடிப்பதிலிருந்து டீசல் போடுவதுவரை போன் செத்தால் லாரி செத்த மாதிரி. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து இருபத்துநாலு வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. என்ஜின் ஓடுகிறவரை அது நிரம்பிக்கொண்டே இருக்கும். ஒரு லாரி பேட்டரிக்குள் இருக்கிற மின்சாரத்தில் ஐம்பது போன்களுக்கு மேல் சார்ஜ் போடலாம். அவருக்குப் பலகையும் வேண்டாம், பவர் பேங்க்கும் அவசியமில்லை. இருபத்துநாலு வோல்ட்டைத் தாங்குகிற, சூடாகாத ஒரு நல்ல சாக்கெட் சார்ஜர் போதும். கார்க்காரர்களுக்கான பன்னிரண்டு வோல்ட் சார்ஜரை மலிவு என்று வாங்கிச் செருகிப் போனைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

உண்மையிலேயே பிளக்கை விட்டு விலகி இருப்பவர்கள் வேறு சிலர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டு இடம் மாறிப்போகிற செம்மறியாட்டுக்காரர்கள். மேச்சேரி ஆடு என்று ஓர் இனத்துக்கே பேர் கொடுத்த பூமி இது. ஆட்டின் பின்னால் நடக்கிறவர் ராத்திரியும் வயலில்தான் படுக்கிறார். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், தோட்டக்காரர் நல்லவராக இருந்தால். இன்னொன்று கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவு ஏறினால் கிடைக்கும் சிற்றூர்களில் காற்றுமழைக்கு ஒயர் அறுந்தால் ஆள் வந்து சேரவே நேரமாகும். மலையில் சிக்னல் தேடித்தேடிப் போன் சமவெளியைவிடச் சீக்கிரம் தீரும். இவர்களுக்குப் பலகை வேண்டும். ஆனால் பெட்டியில் ஒட்டிய உள்ளங்கைப் பலகை வேண்டாம். மடித்துப் பைக்குள் வைத்து, பிரித்தால் செய்தித்தாள் அகலத்துக்கு விரிகிற பதினைந்து, இருபது வாட் பலகை தனியாக வேண்டும். அது வெயிலில் கிடக்கட்டும். ஒரு மீட்டர் ஒயர் போட்டுப் பவர் பேங்க்கைத் துணி மூட்டைக்கு அடியில் நிழலில் வைக்கட்டும். நல்ல வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் பத்தாயிரம் மில்லி ஆம்பியர் மணி ஏறிவிடும். ராத்திரி அதிலிருந்து போனுக்கு. ஆட்டின் முதுகுக்குமேலே பார்வை வைத்துக்கொண்டு பகல் முழுதும் வெட்டவெளியில் நிற்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

பேரிடர் என்று வந்தாலும் இதே அளவுகோல்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு காவிரி டெல்டாவில் லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்துகிடந்தன. சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்த இடத்திலெல்லாம் போன்கள் குவிந்தன. பவர் பேங்க் வைத்திருந்தவருக்கு இரண்டு நாள் ஓடியது. அதன் பிறகு அவரும் ஜெனரேட்டரைத் தேடித்தான் போனார். இரண்டு நாள்வரை பேட்டரி, மூன்றாம் நாளிலிருந்து பலகை என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாகாது. நம் சமவெளியில் மூன்றாம் நாள் அபூர்வமாகத்தான் வருகிறது.

ஆகவே வீட்டிலும் ஆபீசிலும் தறிக்கூடத்திலும் கோழிப்பண்ணையிலும் இருப்பவர்கள் பத்தாயிரம் மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் போகாத ஒரு சாதாரணப் பவர் பேங்க் வாங்கினால் போதும். வாங்கும்போது முன்பக்கத்துப் பெரிய எண்ணைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். மாற்றுகிற வழியில் போவது போக 10,000 என்று போட்டதில் 6,000 சொச்சம்தான் போனுக்கு வரும். அதை யோக்கியமாக அச்சிட்டிருப்பவர் மற்றதிலும் ஓரளவு யோக்கியமாக இருப்பார். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் ‘ஐம்பதாயிரம்’ என்று எழுதி இருநூறு ரூபாய்க்கு விற்பதைக் கையில் எடுத்தாலே கனம் இல்லாததிலிருந்து விஷயம் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. லாரி பேட்டரி ஆயுள் முடிந்தால் பழைய இரும்புக்காரர் எடைபோட்டுக் காசு கொடுத்து எடுத்துப்போகிறார். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. செத்த பவர் பேங்க்கை அவர் தொடுவதில்லை. 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரித்தவரே திரும்பப் பெற வேண்டும் என்கின்றன. கடையில் கொடுத்துக் கேளுங்கள், வாங்க மறுத்தால் தயாரித்த நிறுவனத்திடம் விதியைச் சொல்லிக் கேளுங்கள். உப்பிப்போன லித்தியம் பெட்டியை அழுத்தினாலும் குத்தினாலும் சூடாக்கினாலும் தீப்பிடிக்கும். சாயங்காலமானால் தெருமுனையில் குப்பையைக் குவித்துக் கொளுத்துகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. தயவுசெய்து அந்தக் குவியலில் இதைப் போடாதீர்கள்.